நியூபோர்ட் கோடை மாளிகைகள்: ஏழெட்டு வாரத்துக்கு எழுபது அறை எதற்கு?

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நியூபோர்ட் என்ற சிறிய கடலோர ஊரில், ஆண்டுக்கு இரண்டு மாதம்கூடத் தங்காத வீடுகளுக்கு நியூயார்க் கோடீஸ்வரர்கள் ஏன் அவ்வளவு பணத்தைக் கொட்டினார்கள், அவற்றை ஏன் ‘காட்டேஜ்’ என்று அழைத்தார்கள், கட்டிய குடும்பங்களே ஏன் ஓரிரு தலைமுறையில் கைவிட்டன என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இந்த வீடுகளை ஓய்வெடுக்கும் இடங்களாக நினைத்துக்கொண்டு பார்த்தால் கணக்கு எங்கும் ஒட்டாது. அந்தக் காலத்துப் பணக்காரக் குடும்பங்கள், அதிலும் குறிப்பாக அக்குடும்பங்களின் பெண்கள், தங்களுக்குள் நடத்திய தரப்போட்டிக்கான ஆடுகளங்களாகப் பார்த்தால் ஒவ்வொரு செலவுக்கும் காரணம் தெரியவரும்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நியூபோர்ட் அக்விட்னெக் என்ற தீவின் தென்முனையில் இருக்கிறது. கடற்காற்று இருப்பதால் உள்நாட்டு நகரங்கள் வெந்துகொண்டிருக்கும் ஜூலை மாதத்திலும் மாலையில் மேல்சட்டை தேடவேண்டியிருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் இது பெரிய வணிகத் துறைமுகம். அந்த வணிகத்தில் அடிமை வியாபாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1776 முதல் 1779 வரை பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்து வைத்திருந்ததில் வணிகம் படுத்துவிட்டது, பிறகு எழவே இல்லை. வணிகம் போன ஊருக்குக் கோடை விருந்தாளிகளே பிழைப்பு ஆனார்கள். முதலில் வந்தவர்களில் பலர் நியூயார்க்காரர்கள் அல்லர். தென் மாநிலங்களின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்த பெருந்தோட்ட முதலாளிகள். இன்றும் நிற்கும் கிங்ஸ்கோட் என்ற வீட்டை 1839இல் கட்டத் தொடங்கிய ஜார்ஜ் நோபிள் ஜோன்ஸ், அடிமை உழைப்பில் நடந்த தெற்கத்தித் தோட்டங்களின் சொந்தக்காரர். உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அவர் குடும்பம் ஊரை விட்டுப் போக, வீடு சீன வணிகத்தில் பணம் சேர்த்த கிங் என்பவரிடம் வந்தது, பெயரும் அவருடையதுதான். அதற்குச் சற்றுத் தள்ளி 1852இல் எழுந்த ஷாட்டோ-சூர்-மேர் மாளிகையும் சீன வணிகர் ஒருவருடையதே. இந்த மாளிகைகள் எல்லாமே ரயில் பணத்தில் கட்டியவை என்று பலர் நினைக்கிறார்கள். ரயில் பணம் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே பருத்தியும் தேயிலையும் அங்கே குடியேறிவிட்டன.

‘காட்டேஜ்’ என்ற பெயரும் அந்தக் காலத்தின் மிச்சம்தான். ஊருக்கு வந்தவர்களில் ஒரு சாரார் பெரிய ஓட்டல்களில் தங்கினார்கள், மற்றவர்கள் சிறு வீடுகளை வாடகைக்கு எடுத்தோ கட்டிக்கொண்டோ தங்கினார்கள். இரண்டாம் சாராருக்குக் ‘காட்டேஜ்காரர்கள்’ என்று பெயர். வீடு எழுபது அறையாக வளர்ந்த பிறகும் பெயர் மாறவில்லை. பெரும் பணக்காரர் தம் பங்களாவைக் ‘குடிசை’ என்று சொல்லிக்கொள்ளும் அடக்கத்தில் எவ்வளவு அகந்தை உண்டோ அவ்வளவும் இதில் உண்டு.

நியூயார்க்காரர்கள் பெருமளவில் வரத் தொடங்கியதற்குப் போக்குவரத்து ஒரு காரணம். 1847 முதல் நியூயார்க்கில் மாலையில் ஏறினால் விடிவதற்குள் நியூபோர்ட்டில் இறக்கிவிடும் நீராவிக் கப்பல் ஓடியது. குடும்பத் தலைவர் வார நாள்களில் நகரத்தில் தொழிலைப் பார்த்துவிட்டு வாரக் கடைசியில் வந்துபோகலாம். ஆக, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வரும் அந்த ஏழெட்டு வாரமும் வீடு முழுக்க மனைவியின் ஆட்சியில் இருந்தது. இந்த ஒரு விவரத்தைக் கவனிக்காமல் நியூபோர்ட்டைப் புரிந்துகொள்ள முடியாது. ஆண்கள் நியூயார்க்கில் பங்குச் சந்தையில் மோதிக்கொண்டார்கள் என்றால், அந்தப் பணம் எந்தக் குடும்பத்துக்கு எந்த வாசலைத் திறக்கும் என்பதைப் பெண்கள் இங்கே தீர்மானித்தார்கள். கரோலின் ஆஸ்டர் அந்த உலகத்தின் பட்டத்தரசி. அவருக்கு ஆலோசகராக இருந்த வார்ட் மெக்கலிஸ்டர், நியூயார்க்கில் நாகரிகச் சமூகம் என்று எண்ணத்தக்கவர்கள் நானூறு பேர்தான் என்று சொல்லி, 1892இல் பெயர்ப்பட்டியலையும் பத்திரிகையில் வெளியிட்டார். அந்தப் பட்டியலுக்குள் நுழைய நியூயார்க்கில் மாளிகை இருந்தால் போதாது; நியூபோர்ட்டின் பெல்வியூ அவென்யூவிலும் ஒன்று வேண்டும், அதில் விருந்து வைக்க வேண்டும், அந்த விருந்துக்குச் சரியான ஆள்கள் வரவும் வேண்டும்.

இந்த ஆட்டத்தை யாரையும்விட நன்றாக ஆடியவர் ஆல்வா வாண்டர்பில்ட். படகுக்காரராகத் தொடங்கி ரயில் அதிபராக உயர்ந்த கிழவர் வாண்டர்பில்ட்டின் பேரன் வில்லியத்தை மணந்தவர். ஆஸ்டர் வீட்டாரின் பார்வையில் வாண்டர்பில்ட் குடும்பம் நேற்று பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான். ஆல்வா அதற்குச் சொன்ன பதில்தான் மார்பிள் ஹவுஸ். 1888இல் தொடங்கி 1892இல் முடிந்த அந்த வீடு அவருடைய முப்பத்தொன்பதாம் பிறந்தநாள் பரிசு. வேலை நடந்தபோது உயர வேலி அடைத்து ஊர்க் கண்ணுக்கு மறைத்துக் கட்டினார்கள். செலவு 1.1 கோடி டாலர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் 70 லட்சம் டாலர் பளிங்குக்கு மட்டும், ஐந்து லட்சம் கன அடிப் பளிங்குக்கு. அறைகள் ஐம்பது, வேலையாள்கள் முப்பத்தாறு பேர். இவ்வளவு செய்தும், திறந்து மூன்று ஆண்டுகளுக்குள் ஆல்வா கணவரை விவாகரத்து செய்துவிட்டார். வீடு அவர் கையில் இருந்தது. அவர் அதே தெருவில் வசித்த பெல்மாண்ட் என்பவரை மணந்துகொண்டு அவருடைய பெல்கோர்ட் மாளிகைக்குக் குடிபோனார். பெல்மாண்ட் குதிரைப் பைத்தியம். அந்த மாளிகையின் தரைத்தளம் பெரும்பாலும் வண்டிகளுக்கும் குதிரைகளுக்கும்தான்.

மார்பிள் ஹவுஸில் ‘காதிக் அறை’ என்று ஒன்று உண்டு. உயரமான சன்னல்களில் வண்ணக் கண்ணாடி பதித்து, சுவரெங்கும் இடைக்கால ஐரோப்பியக் கலைப்பொருள்களை அடுக்கிய, பட்டப்பகலிலும் மங்கலாக இருக்கும் அறை அது. 1895 கோடையில் இந்த அறையில்தான் ஆல்வாவின் பதினெட்டு வயது மகள் கான்சுவேலோவை இங்கிலாந்தின் உயர்குடிப் பிரபுவான மார்ல்பரோ டியூக் மணம் பேசினார். பெண்ணுக்கு மனம் வேறொருவரிடம் இருந்தது. தாய் காவல் வைத்து மகளைப் பணியவைத்தார். நவம்பரில் நியூயார்க்கில் கல்யாணம். டியூக் குடும்பத்துக்குப் போன சீதனம் 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில் பங்குகள். முப்பது ஆண்டு கழித்து அந்தத் திருமணத்தை ரத்து செய்ய மகள் விண்ணப்பித்தபோது, தான் கட்டாயப்படுத்தியது உண்மை என்று தாயே சாட்சி சொன்னார். ஐரோப்பிய அரண்மனையின் சாயலில் ஓர் அறை கட்டி, அதே அறையில் ஓர் ஐரோப்பிய அரண்மனைக்கு மகளைக் கொடுத்தார்கள் என்றால், வீட்டின் பயன் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் ஆல்வாவை இந்த ஒன்றை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமாகாது. பெல்மாண்ட் 1908இல் இறந்த பிறகு அவர் மார்பிள் ஹவுஸை மறுபடி திறந்து, பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் மாநாடுகளை அங்கேயே நடத்தினார். ‘பெண்களுக்கு வாக்குரிமை’ என்று அச்சிட்ட பீங்கான் தட்டுகளைச் செய்வித்தார்.

அளவில் எல்லாவற்றையும் மிஞ்சிய வீடு ஆல்வாவின் மூத்த மைத்துனர் இரண்டாம் கர்னீலியஸ் வாண்டர்பில்ட்டின் பிரேக்கர்ஸ். 1885இல் அவர் நாலரை லட்சம் டாலருக்கு வாங்கியது அதே பெயருள்ள மர வீடு. 1892 நவம்பரில் அது எரிந்து சாம்பலாயிற்று. புதிய வீட்டுக்கு ரிச்சர்ட் மாரிஸ் ஹண்ட்டை அமர்த்தினார். பாரிஸின் புகழ்பெற்ற கலைப்பள்ளியில் கட்டடக்கலை படித்த முதல் அமெரிக்கர் ஹண்ட். சுதந்திர தேவி சிலையின் பீடமும் அவர் வடிவமைத்ததே, மார்பிள் ஹவுஸும் பெல்கோர்ட்டும் அவருடையவைதான். எரிந்த வீட்டின் பயம் புதிய வீட்டின் எலும்புவரை இறங்கியிருக்கிறது. தாங்குவதெல்லாம் எஃகும் செங்கலும் கல்லும். கட்டடத்தின் பாரம் எங்கும் மரத்தின் மேல் இல்லை. கொதிகலன் வீட்டுக்குள் இல்லை. சற்றுத் தள்ளிக் காவலாளி வீட்டுப் பக்கம் மண்ணுக்கடியில் வைத்து, சுரங்கம் வழியாகச் சூட்டைக் கொண்டுவந்தார்கள். அடுக்களையைத் தனிச் சிறகில் ஒதுக்கினார்கள். விளக்குகளுக்கு எரிவாயு, மின்சாரம் இரண்டும் பொருத்தினார்கள், ஒன்று கைவிட்டால் மற்றொன்று இருக்கட்டும் என்று.

வீட்டின் நடுக்கூடம் ஏறத்தாழ ஐம்பது அடி உயரம். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் வானமே தீட்டியிருக்கும். இதைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அதைவிட மாடியில் இருக்கும் குளியலறைதான் முக்கியமாகப் படுகிறது. கர்னீலியஸின் குளியல் தொட்டி ஒரே பளிங்குக் கல்லில் குடைந்தது. குழாய்கள் நான்கு: நன்னீரில் சூடானது, குளிர்ந்தது, கடல்நீரில் சூடானது, குளிர்ந்தது. கடல் நூறு கஜத்தில் அலையடித்துக்கொண்டிருக்க, அதன் உப்புநீரை மாடிவரை ஏற்றி, சுடவைத்து, தொட்டியில் ஊற்றிக் குளித்தார்கள். பளிங்கின் கனம் அப்படிப்பட்டது; வெந்நீரை ஊற்றினால் கல்லே சூட்டைக் குடித்துவிடும் என்பதால், பணியாளர் பல முறை வெந்நீர் நிரப்பிக் கொட்டிய பிறகே தொட்டி உடம்புக்கு ஒத்துவரும் சூட்டுக்கு வருமாம். தொட்டியின் விலை தெரிந்த நமக்கு அந்தப் பணியாளின் காலை நேரத்தின் விலை தெரிவதில்லை. காலை அறை என்ற கூடத்தில் வெள்ளி என்று வெகுகாலம் நினைத்திருந்த சுவர்ப் பலகைகள் பிளாட்டினத் தகடு பூசியவை என்று இந்த நூற்றாண்டில்தான் சோதித்துக் கண்டுபிடித்தார்கள்; கடற்காற்றில் வெள்ளி கறுக்கும், பிளாட்டினம் கறுக்காது. நூலக அறையில் பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மாளிகையிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்த கணப்பு ஒன்று இருக்கிறது. பெருஞ்செல்வத்தைப் பார்த்துச் சிரிக்கிறேன், கடைசியில் அறிவைத் தவிர வேறு எதுவும் பொருட்டில்லை என்ற கருத்தில் பழைய பிரெஞ்சில் அதன்மேல் பொறித்திருக்கிறது. அதை வாங்கியவர்கள் படித்துப் பார்த்துத்தான் வாங்கினார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

ஹண்ட் 1895 ஜூலை கடைசி நாளில், நியூபோர்ட்டிலேயே இறந்தார். அதே ஆகஸ்டில் பிரேக்கர்ஸில் முதல் பெரிய விருந்து நடந்தது. அடுத்த ஆண்டே கர்னீலியஸுக்குப் பக்கவாதம். 1899இல், 55 வயதில் காலமானார். நல்ல உடம்போடு அந்த வீட்டில் அவர் கழித்த கோடை ஒன்றுதான்.

நெவாடாவின் வெள்ளிச் சுரங்கத்தில் புதையல் கண்டவரின் மகள் கட்டிய ரோஸ்கிளிஃப், பெரிய நடனக்கூடத்துக்கும், 1904இல் பெண்கள் அனைவரும் வெண்ணிற உடையில் வந்த ‘வெள்ளை விருந்து’க்கும் பெயர் பெற்றது, அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. ஆனால் 1901இல் முடிந்த தி எல்ம்ஸ் வீட்டைத் தாண்டிப் போய்விடக் கூடாது, ஏனென்றால் இந்த உலகம் எப்படி இயங்கியது என்பதை அடித்தளத்திலிருந்தே காட்டும் வீடு அது. சொந்தக்காரர் எட்வர்ட் பெர்வின்ட் நிலக்கரி அதிபர். கப்பல்களுக்கும் ரயில்களுக்கும் கரி விற்றவர். பாரிஸுக்கு அருகிலுள்ள ஒரு பிரெஞ்சு மாளிகையின் சாயலில் ஹொரேஸ் ட்ரம்பவர் இதை வடிவமைத்தார். கரி விற்றுப் பணக்காரரானவர் தம் வீட்டில் கரித்தூசு கண்ணில் படக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்திருக்கிறார். பக்கத்துத் தெருவில் இறக்கிய கரி, தரைக்கடியில் போட்ட சிறு தண்டவாளத்தில் தள்ளுவண்டியேறி, சுரங்கம் வழியாகக் கொதிகலன் அறைக்கு வந்தது. வேலைக்காரர் வாசலைக் கொடி படர்ந்த பந்தல் மறைத்தது. அவர்கள் தூங்கிய மூன்றாம் மாடியை வெளியிலிருந்து பார்த்தால் மாடியே இல்லாததுபோல் கூரைக் கைப்பிடிச்சுவர் மறைத்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் பதினாறு படுக்கையறைகள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே இருந்து, கீழே நடப்பவர்களின் கண்ணில் படாமல் நாள் முழுவதும் உழைத்தார்கள். 1902இல் அவர்கள் ஓய்வு நேரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, பெர்வின்ட் அத்தனை பேரையும் வேலையை விட்டு நீக்கிவிட்டு வேறு ஆள்களை எடுத்துக்கொண்டார். அன்று அப்படிச் செய்ய முடிந்தது. அப்படி எடுக்க ஆள் கிடைத்தது. அந்த நிலைமை மாறியதுதான் இந்த வீடுகள் விழுந்ததற்கு மூலகாரணம் என்பது என் கருத்து.

அதற்கு முன் கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பணக்காரர்களால் வாங்க முடியாத பொருள் அது ஒன்றுதான். மாளிகைகளின் கடல் பக்கத்தில், குன்றின் விளிம்பை ஒட்டி, கிளிஃப் வாக் என்ற நடைபாதை ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டருக்குப் போகிறது; அது பொதுப்பாதை. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1663இல் கொடுத்த சாசனம் மக்களுக்கு மீன்பிடி உரிமையை உறுதி செய்திருந்தது. ரோட் ஐலண்ட் 1842இல் தனக்கு அரசியல் சட்டம் எழுதிக்கொண்டபோது கரையின் மீதான அந்த உரிமைகளை அதில் சேர்த்துக்கொண்டது. ஆகவே மீனவரும் பாசி பொறுக்குபவரும் காற்று வாங்க வந்தவரும் கோடீஸ்வரர் புல்வெளிக்கு முன்னால் நடந்துபோனார்கள்; வேலி போட்டும் மதில் எழுப்பியும் தடுக்கப் பார்த்தவர்கள் உண்டு, ஆனால் பாதை நிலைத்தது. மார்பிள் ஹவுஸில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். ஆல்வா குன்றின் விளிம்பில் சீனப் பாணியில் ஒரு தேநீர் மண்டபம் கட்டினார். பாதையை மறிக்க முடியாததால், அது மண்டபத்துக்கு அடியில் ஒரு சிறு சுரங்கமாகப் போகிறது. மண்டபம் முடிந்த பிறகுதான் அங்கே தேநீர் போட வசதியில்லை என்று உறைத்து, வீட்டிலிருந்து தட்டோடு பணியாளை ஏற்றிவர ஒரு குட்டி ரயில் போட்டதாகவும் சொல்வார்கள்.

இப்போது மூன்றாம் கேள்வி. கூட்டரசு வருமான வரி 1913இல் வந்தது, 1916இல் வாரிசுச் சொத்து வரி வந்தது. முதல் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து குடியேறுவோர் எண்ணிக்கையைச் சட்டம் குறுக்கியது. அயர்லாந்திலிருந்து வந்திறங்கிய பெண்ணுக்கு வீட்டு வேலையைத் தவிர தொழிற்சாலை, கடை, அலுவலகம் என்று வேறு வழிகளும் திறந்தன. நாற்பது பேர் இல்லாமல் நடக்காத வீட்டில் நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுப்பது யானையைக் கட்டித் தீனி போடும் வேலையாகிவிட்டது. அதற்குமேல் 1929இன் பொருளாதார வீழ்ச்சி. 1.1 கோடி டாலரில் எழுந்த மார்பிள் ஹவுஸை ஆல்வா 1932இல் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலருக்கு விற்றார். பளிங்கு அப்படியே இருந்தது, தேய்ந்துபோகவில்லை. தங்களுக்குள் தரம் பிரித்துக்கொண்டிருந்த அந்தச் சமூகம் கலைந்துவிட்டதால், ஆட்டமில்லாத ஆடுகளத்தை வாங்க ஆளில்லை. சில மாளிகைகள் கல்லூரிகளாயின. ஓக்கர் கோர்ட் என்ற வாண்டர்பில்ட் காலத்து மாளிகை 1947இல் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் முதல் கட்டடமானது. சிலவற்றை இடித்துவிட்டார்கள்.

மற்றவை பிழைத்ததற்குக் காரணம் 1945இல் தொடங்கிய நியூபோர்ட் பாதுகாப்புச் சங்கம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சங்கம் தொடங்கியது இந்த மாளிகைகளுக்காக அல்ல. ஹண்டர் ஹவுஸ் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு மர வீட்டைக் காப்பாற்றத்தான். அதற்குப் பணம் திரட்ட, கர்னீலியஸின் கடைசி மகள் கிளாடிஸ் 1948இல் பிரேக்கர்ஸை ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகைக்குச் சங்கத்திடம் விட்டார். மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பெர்வின்ட்டின் சகோதரி 1961இல் இறந்ததும் எல்ம்ஸில் இருந்த சாமான்களை ஏலம் விட்டு, வீட்டை இடித்து மனையாக்கத் திட்டமிட்டபோது, 1962இல் 1,16,000 டாலருக்குச் சங்கம் அதை வாங்கிக் காப்பாற்றியது. பிரேக்கர்ஸை 1972இல் விலைக்கே வாங்கியது. அதற்குப் பிறகும் வாண்டர்பில்ட் வழிவந்தவர்கள் 2018 வரை மூன்றாம் மாடியில் கோடைக்கு வந்து தங்கிப்போனார்கள், கீழ்த்தளங்களில் சுற்றுலாக் கூட்டம் நடந்துகொண்டிருக்க.

நேரில் போகும் எண்ணம் இருந்தால் ஒரே நாளில் எல்லா மாளிகைகளையும் பார்த்துத் தீர்க்க வேண்டாம். மூன்றாவது வீட்டுக்கு வரும்போது பொன்முலாமும் பளிங்கும் கண்ணுக்கு அலுத்துவிடும். காலையில் பிரேக்கர்ஸ், பிறகு எல்ம்ஸில் வேலையாள்களின் படிக்கட்டு, கொதிகலன் அறை, மூன்றாம் மாடி ஆகியவற்றைக் காட்டும் தனிச் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கிளிஃப் வாக்கில் நடக்கலாம். 2022 மார்ச்சில் நரகான்செட் அவென்யூ பக்கம் பாதையின் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது என்பதால், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. அந்த அவென்யூ கடலில் முடியும் இடத்தில் ‘நாற்பது படிகள்’ என்று ஓர் இறக்கம் இருக்கிறது. மேலே விருந்து இல்லாத இரவுகளில், மாளிகைகளின் வேலையாள்கள் கூடி வாத்தியம் வாசித்து ஆடிய இடம் அதுதான்.